காப்புக் கட்டிய கை

எங்கள் அப்பா அடிக்காத நாட்கள் வருஷத்தில் கொஞ்சம் உண்டு. கதிர்காமத்துக்காகக் காப்புக் கட்டிய அன்றிலிருந்து, மாணிக்க கங்கையில் தீர்த்தம் முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும். மஞ்சளில் நனைத்த நூல், அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, வலது மணிக்கட்டில். எங்கள் தோட்டம் எஹலியகொடைக்கு மேலே இருந்தது. அங்கே மாரியம்மன் கோவில் பூசாரி காப்புக் கட்டும்போது ஒவ்வொருவருக்கும் அதே பாட்டைப் படிப்பார்.

"மச்சம் மாமிசம் தொடக்கூடாது. சாராயம் தொடக்கூடாது. பொஞ்சாதி பக்கம் போகக்கூடாது. யாரு மேலயும் கை வைக்கக்கூடாது. வச்சா அந்தக் கைய முருகன் எடுத்துக்குவான்."

முதல் மூன்றுக்கும் அப்பா தலையாட்டுவார். நாலாவதுக்குத் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார். பார்க்க வேண்டிய கைதான். ரப்பர் மலையில் அவர் பால்வெட்டுக் கங்காணி. வெட்டுகிறவர்களின் பின்னால் வந்து மரத்தை விரலால் தடவுவார். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டிருந்தால் அந்த இடத்திலேயே முதுகில் விழும். ஆம்பிளை, பொம்பிளை பார்க்கமாட்டார். தோட்டத்துத் துரை அவரை உதைத்தான், அவர் எங்களை உதைத்தார். மேலே பெய்த மழை கீழேதானே இறங்கும். அம்மா வெட்டிய மரத்தில் மட்டும் அவருக்குக் குற்றம் கிடைத்ததில்லை. பட்டையை மெல்லிசாகச் சீவி எடுப்பாள், கட்டைக்குத் தெரியாது. குற்றம் கிடைக்காத ஆத்திரத்தையும் சேர்த்து வீட்டில் வைத்து அடித்தார்.

எனக்கு அப்போது பதினாறு, பதினேழு இருக்கும். என் முன்பல் ஒன்று பாதியாக இருப்பது அவர் கைவண்ணம்தான், குழம்பில் உப்புக் கூடியதற்கு. இப்போது கிழவியாகி மற்றப் பற்களெல்லாம் போய்விட்டன. அந்த அரைப்பல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அந்த வருஷம் எங்களையும் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போவதாக அப்பா சொன்னார். பக்தி பெருகிவிடவில்லை. என்னை அம்மாவின் தம்பிக்குக் கட்டிவைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தீர்த்தம் முடிந்ததும் முருகன் சந்நிதியில் தாலி. தாய்மாமன், உரிமைக்காரன், ஊரில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாத சம்பந்தம். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்சாதி இருந்தாள். இருந்தாள், செத்தாள்.

அவன் வேலை செய்தது கரவனெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில். ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து அவள் செத்ததாக ஆள் வந்து சொன்னான். அம்மாதான் போய்ப் பிணத்தைக் குளிப்பாட்டினாள். திரும்பி வந்தபின் பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் மலையில், பக்கத்தில் ஆள் இல்லாதபோது, என்னிடம் சொன்னாள்.

"தண்ணி ஊத்தித் தேய்க்கிறேன், விலா எலும்பு கையில குத்துதுடி. பாறையில விழுந்தா ஒரு பக்கந்தான் ஒடையும். அவளுக்கு ரெண்டு பக்கமும் ஒடஞ்சிருந்துச்சு."

"அப்ப மாமாதான்..."

"நான் தூக்கி வளத்த பயதான். எங்களப் பெத்த ஆயா செத்தப்ப அவனுக்குப் பல்லுகூட மொளைக்கல. தெரணியகலையில கொழுந்து எடுத்தப்ப இடுப்புலயே வச்சிருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். நான் பால் பிடிக்கிற சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த விலா எலும்பு என்னுடையது போலவே இருந்தது.

அவனுக்கு என்னைக் கொடுக்கக் கூடாது என்பதில் அம்மாவுக்கு இரண்டாம் பேச்சில்லை. எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. அதற்கு அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

"இப்ப சொன்னா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுபோட்ருவாரு. காப்புக் கட்டட்டும். கட்டுனப்புறமும் லயத்து வீட்டுல வச்சுச் சொல்லக்கூடாது. பத்துப் பேரு வந்து நாயம் பேசி, ஒன்னைய சரின்னு சொல்ல வச்சிருவாங்க. கடக்கரைக்குப் போயிருவோம். அங்க யாரு இருக்கா? அவரு கையும் கட்டியிருக்கும், பக்கத்துல ஆளும் இருக்காது. சாமி பேர்ல வாக்கத் திருப்பி வாங்கிப்புடுவோம்."

எங்களுக்கும் பூசாரி காப்புக் கட்டினார். அடைமழையில் பால்வெட்டு இல்லாத நாட்கள் அவை, துரை போய்த்தொலையுங்கள் என்று விட்டுவிட்டான். தோட்டத்து ஆட்கள் முன்னால் போனார்கள். மாமனுக்காகக் காத்ததில் நாங்கள் பின்தங்கினோம். பெல்மதுளைச் சந்தியில் அவன் வந்து சேர்ந்தான். தோளில் ஒரு மூட்டை, இடுப்பில் காட்டுக்கத்தி, வாயில் வெற்றிலை. அம்மாவின் கண் நேரே அவன் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"காப்பு எங்கடா தம்பி?"

"அங்கன போயி கட்டிக்கிறேங்க்கா. இப்பமே என்னாத்துக்கு வாயக் கட்டிக்கிட்டு?"

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் கவிச்சிக்கும் சாராயத்துக்கும் ஆசைப்பட்டுக் காப்பைத் தள்ளிப்போடுகிறான் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். எங்கள் கண்ணெல்லாம் அப்பாவின் கையில் இருந்தது. அடிக்கக் கூடிய இன்னொரு கை எங்களோடு நடந்து வருவதை இரண்டு பேரும் கணக்கில் எடுக்கவில்லை.

மழை நாட்டிலிருந்து இறங்கி எம்பிலிப்பிட்டிக் காடு தாண்டி, வளவை கங்கையைப் பிடித்துக்கொண்டு போய் அம்பலாந்தோட்டையில் கடலைப் பார்த்தோம். நான் அதற்கு முன் கடலைக் கண்டதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. அது ஓயாமல் எதையோ போட்டு அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மாதக் காற்றில் மணல் பறந்து கன்னத்தில் ஊசியாகக் குத்தும். கண்ணைத் திறந்தால் மணல், வாயைத் திறந்தால் மணல். அப்பா வாயைத் திறந்துகொண்டேதான் வந்தார். கைக்குத்தானே காப்பு, வாய்க்கு இல்லையே. எங்கள் நடை சரியில்லை, மூட்டை சரியில்லை, மூச்சு விடுவது சரியில்லை. ஒவ்வொரு வசவுக்கும் வலது கை தானாக உயரும், நூலைக் கண்டதும் இறங்கும். இறங்கிய கையால் தன் தொடையிலேயே ஓங்கி அறைந்துகொள்வார். தொடை கன்றிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்ததை இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

வெயிலுக்கு முன் நடப்போம். வெயில் ஏறியதும் தாழம்புதர் ஓரமாக நாலு கம்பை நட்டு அம்மாவின் சேலையைக் கட்டி அதன் கீழே கிடப்போம். காற்று அதைப் பிடுங்கும், நாங்கள் திரும்பக் கட்டுவோம். அம்பாந்தோட்டையைத் தாண்டியதும் உப்பளங்கள். கண் கூசும் வெள்ளை, குடிக்க ஒரு சொட்டு இல்லை. பாதம் வெடித்து அந்த வெடிப்பில் உப்பு ஏறியது. நான் நொண்டினேன். மாமன் பின்னாலிருந்து கம்பால் என் குதிகாலைத் தட்டினான், மாட்டைத் தட்டுவது போல. முதலில் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

உப்பளத்து ஓரக் குடிசையில் ஒரு சிங்களத்தி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எல்லோரும் குடித்தபின் மாமன் செம்பை அவளிடம் நீட்டாமல் மணலில் எறிந்தான். அவள் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, என் குதிகாலையும் அவன் கம்பையும் பார்த்தாள். அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள், "அர மினிஹா ஹொந்த நெஹே, நேத?" அந்த ஆள் நல்லவன் இல்லை, இல்லையா என்று.

"தன்னவா," என்றாள் அம்மா. "மகே மல்லி."

தெரியும், என் தம்பி. இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் இருந்தது வெட்கம். அவனைப் பெற்றவளே அவள்தான் என்பது போல.

புந்தலைப் பக்கம் போனபோது ஆள் நடமாட்டமே அற்றுவிட்டது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள் நாலு பேர். "நாளைக்குக் காலையில சொல்லிருவோம்," என்று அம்மா என் காதில் சொன்னாள். எப்படிச் சொல்வது என்றும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். முதலில் முருகனைப் பற்றிப் பேசுவாளாம். பிறகு செத்தவளைப் பற்றி. பிறகுதான் என்னைப் பற்றி.

காலையில் அம்மா காட்டு ஓரமாக ஊற்றுத் தோண்டப் போயிருந்தாள். முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆமை விடிந்தும் தண்ணீரைச் சேராமல் கரையில் ஊர்ந்தது. மாமன் ஓடிப்போய் அதைக் காலால் நெம்பி மல்லாக்கப் போட்டான். ஆமை கத்தாது. கை கால்களை மட்டும் காற்றில் துழாவியது. அவன் காட்டுக்கத்தியை எடுத்து உயிரோடேயே அடிவயிற்று ஓட்டைப் பிளந்தான். வெட்டுக்கு வெட்டு அது வாயைத் திறந்து திறந்து மூடியது. மணல் சிவந்தது, அவன் முழங்கை வரை சிவந்தது. சாகிற வரைக்கும் அவனுக்குப் பொறுமை இல்லை. துடிக்கிற இறைச்சியை அறுத்து அறுத்து எடுத்தான்.

அதை அவிக்கப் பாத்திரம் வேண்டுமே. எங்களிடம் இருந்தது ஒரே பானை. விரதத்துக்கென்று வாங்கிய புது மண்பானை. கவிச்சி அண்டாமல் அம்மா அதைத் தோட்டத்திலிருந்து உறியில் தூக்கி வந்திருந்தாள். மூட்டையை எறிந்தாலும் அதை எறியாதவள். நான் வேண்டாம் என்று அதன் மேல் கவிழ்ந்தேன். அவன் என் வயிற்றில் உதைத்துவிட்டுப் பானையை எடுத்து அடுப்பில் ஏற்றினான். அப்பா குந்தியிருந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா தண்ணீரோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், ஆமையைப் பார்த்தாள், பானைக்குள் பார்த்தாள். கொதிக்கிற பானையை முந்தானையால் பிடித்துத் தூக்கிப் பாறையில் போட்டு உடைத்தாள்.

"என்னாக்கா இது? எனக்குத்தான் காப்பு இல்லியே!" என்று மாமன் சிரித்தான்.

அப்பாவோ பானை உடைந்ததற்காகக் குதித்தார். "அவன் திங்கிறான், ஒனக்கென்னாடி? இனி எதுல பொங்குறது?" கை உயர்ந்தது. நூல் தெரிந்தது. அந்தக் கையால் பக்கத்து மரத்தில் ஓங்கிக் குத்தினார், குத்தினார், விரல் முட்டியெல்லாம் தோல் உரிகிற வரை குத்தினார். அம்மா ஒத்திகை பார்த்த முருகன் பேச்சுக்கெல்லாம் இனி இடமில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்தான் எழுந்தேன்.

"நான் இவரக் கட்டிக்கமாட்டேம்ப்பா. மொதப் பொஞ்சாதிய மிதிச்சுக் கொன்னவரு. என்னையும் கொன்னுருவாரு. மாட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். இரத்தம் வடிகிற கையைப் பார்த்தார், அதில் கட்டியிருந்த மஞ்சள் நூலைப் பார்த்தார். பிறகு அந்த மனிதருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முகம் தெளிந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"மாப்ள, எனக்குக் காப்பு. நீ கேளு."

கேளு என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமன் சட்டையைக் கழற்றி மடித்து மூட்டையின் மேல் வைத்தான். என் தலைமயிரைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். பாறையில் முழங்கால் கிழிந்தது. அலை உடைகிற இடத்துக்கு என்னைக் கொண்டுபோய், குனிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான்.

உப்பும் மணலும் மூக்கில் ஏறின. நெஞ்சு வெடித்தது. தூக்கினான். "கட்டுவியா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். என் தலை, என் திமிர். திரும்ப அமுக்கினான். முதுகில் முழங்காலை வைத்து ஊன்றினான். விலாவில் ஏதோ முறிந்த சத்தம் தண்ணீருக்குள் எனக்கே கேட்டது. செத்தவளை அப்போது நினைத்தேன். ஒரு பக்கம் ஆயிற்று, இன்னும் ஒரு பக்கம்.

மறுபடி தூக்கியபோது அம்மாவைப் பார்த்தேன். அவள் ஓடி வரவில்லை. பாறை ஓரமாக நின்று, இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். காய் நறுக்குவதற்கென்று கொண்டுவந்த கத்தி. அதன் நுனியைத் தன் மணிக்கட்டு நூலுக்குள் விட்டு, நிதானமாக அறுத்தாள். அறுத்ததைக் கண்ணில் ஒற்றினாள். காற்று கொண்டுபோகாதபடி பாறையில் வைத்து, மேலே வைக்கக் கல் தேடினாள். கையில் எடுத்த கல் சின்னதாக இருந்தது என்று அதைப் போட்டுவிட்டு வேறு கல் எடுத்தாள். மகள் சாகிற நேரத்திலும் காப்பு இருக்கிற கையால் அவளால் ஒருத்தரைத் தொட முடியாது. அந்தக் கல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். அந்தக் கல்லை நினைத்தால்தான் அவளை எனக்கு விளங்கும்.

திரும்ப என் முகம் தண்ணீருக்குள் போனது. அப்போது மேலே அவன் அலறினான்.

பிடி விட்டது. நான் தவழ்ந்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். குனிந்திருந்த அவன் வெறும் முதுகில், இடது தோளில் தொடங்கி வலது இடுப்பை நோக்கிச் சரிவாக ஒரு வெட்டு. ரப்பர் மரத்தில் அவள் தினமும் போடுகிற அதே வெட்டு. தோல் ஒரு கோடாகப் பிரிந்து, வெள்ளையாக இருந்து, பிறகு முழு நீளத்துக்கும் சிவப்பு ஊறி வழிந்தது. அதன் மேல் அலை வந்து அடித்தது. உப்புத் தண்ணீர். அவன் போட்ட கூச்சலைப் போல ஒன்றை நான் பன்றி அறுக்கிற இடத்திலும் கேட்டதில்லை.

அவன் திரும்பி அவள் கழுத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். அவள் அசையாமல் கத்தியை அவன் தொண்டைக்கு நேராகப் பிடித்தாள்.

"பட்டையத்தான் வெட்டிருக்கேன். கட்டைய தொடல," என்றாள். "இன்னொருக்கா எம்புள்ளைய தொட்டீன்னா கட்டையில எறங்கும். ஒன்னைய வளத்த கைடா இது. எனக்கு எல்லாம் தெரியும். நான்தானே அவளக் குளிப்பாட்டுனேன்."

அவன் வாய் திறந்தது, மூடியது. அக்காவைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா அதே மரத்தடியில் நின்றிருந்தார். மாமன் மூட்டையை எடுத்துக்கொண்டு வந்த வழியே மேற்கு நோக்கி நடந்தான். மடித்து வைத்த சட்டையை முதுகில் போட்டிருந்தான், அது கொஞ்ச தூரத்திலேயே நனைந்து சிவந்துவிட்டது. கதிர்காமக் காட்டில் கரடி பிறாண்டியதாகப் பிற்காலத்தில் அவன் சொல்லித் திரிந்தானாம். அத்தனை நேராகக் கோடு போடுகிற கரடியை நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மா கத்தியைக் கடலில் கழுவினாள். நேராக அப்பாவிடம் போய், பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"ஒங்களுக்கும் காப்ப அறுக்கணும்னா இந்தாங்க. அறுத்துட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

அப்பா கத்தியைப் பார்த்தார். "சாமி குத்தம்," என்று முணுமுணுத்தார். மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கிரிந்தைப் பாறை வரைக்கும் அவலும் தேங்காயும் தின்றுகொண்டு நடந்தோம். பொங்கப் பானை இல்லையே. மூச்சு விடும்போதெல்லாம் என் விலா கொன்றது. அம்மா தன் சேலையைக் கிழித்து அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இந்தமுறை அவள் முன்னால் நடந்தாள், அப்பா பின்னால் வந்தார். வசவு ஒன்றும் காதில் விழவில்லை.

கதிர்காமத்தில் அவள் ஆற்றைத் தாண்டவில்லை. காப்பைப் பாதியில் அறுத்தவள் சந்நிதிக்குப் போகக்கூடாது என்று இக்கரையிலேயே மருதமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். கல்லுக்கடியிலிருந்து எடுத்து முடிந்து வைத்திருந்த நூலை என்னிடம் கொடுத்தாள். "தண்ணியில விட்ரு. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." தீர்த்தத்தன்று விட்டேன். அவளுக்கு என்ன தண்டனை வரப்போகிறதோ என்று பல வருஷம் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குத் தாலியும் அந்த வருஷம் வரவில்லை. பிற்பாடு நான் சரி என்று சொன்ன ஒருத்தர் கட்டினார்.

ஆற்றில் எல்லோரும் காப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாமியார் அப்பாவின் கையைப் பிடித்தபோது அவர் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும் சாமி. வேண்டுதல் இன்னும் முடியல." அந்தக் காப்போடேயே தோட்டத்துக்குத் திரும்பினார். அந்தக் காப்போடேயே விடியலில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனார். கேட்டவர்களிடம் வேண்டுதல் என்றார். அது வெட்கமா, பயமா என்று எனக்குத் தெரியாது. பயம் என்றே வைத்துக்கொள்கிறேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மலையில் அவர் கத்தல் குறையவில்லை, ஆனால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அதன்பின் ஒரு அடி விழவில்லை.

நூல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? இற்றுப்போய் அறுந்து விழுந்த அன்று அப்பா வெறும் மணிக்கட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அம்மா ஒரு நூலை மஞ்சளில் நனைத்து எடுத்து வந்து அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். பூசாரி சொல்கிற பாட்டு எதுவும் பாடவில்லை. மிச்ச நூலை நான் எடுத்து, அவளுக்கும் ஒன்று கட்டட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்டி," என்றாள். "வீட்டுல ஒருத்தர் கையாவது கட்டாம இருக்கட்டும்."